நன்றி என்னும் வேலி

செங்கலடிச் சந்தியிலிருந்து மேற்கே பதுளைக்குச் செல்லும் பெருந்தெருவிலே போகிறவர்கள் கரடியனாற்றை அடைந்ததும் மட்டக்களப்பு நாட்டின் இரு முகங்களை ஒருங்கே காண்பார்கள். பின்னே, வாவியை நோக்கிப் பரந்து கிடக்கின்றது வயல்வெளி. முன்னே, காடும் குன்றும் தொடங்குகின்றன. இங்கே வயல் செய்கிறவன் விதைப்பதோடு தன் வேலை முடிந்ததென்று எண்ணுவதில்லை. கதிர் பால் பிடிக்கும் காலத்தில் யானையும் பன்றியும் காட்டை விட்டு இறங்கும். ஆகவே வேலி கட்டுகிறான், பரண் அமைக்கிறான், இரவெல்லாம் கண் விழிக்கிறான். அறுவடை முடிந்து, சூடடித்து, களவெட்டியிலே பொலி குவிந்த பின்னர், தன் வீட்டுக்கு அளப்பதற்கு முன்னே தெய்வத்துக்கென்று ஒரு பங்கை ஒதுக்குகிறான். வேலியும் அந்த ஒதுக்கீடும் வெவ்வேறு செயல்களாகத் தோன்றலாம். விளைவு தன்னுடைய கைவலியால் மாத்திரம் வந்ததன்று என்பதை உணர்ந்தவனே அதனைக் கருத்தோடு காப்பான் என்பதை எண்ணிப் பார்த்தால், இரண்டும் ஒன்றே என்பது விளங்கும்.

வயலுக்குப் பொருந்துவது சமயத்துக்கும் பொருந்தும். ஒரு மனிதனுடைய விசுவாசத்தைப் போலிப் போதனைகளிலிருந்து காப்பது எது? கல்வியா, வாதத்திறமையா, ஆட்சியின் கட்டளையா? கிறிஸ்தவ சமயத்தின் தொடக்க காலத்திலேயே இந்த வினா எழுந்தது. சின்ன ஆசியாவிலே கொலோசை என்னும் நகரத்துச் சிறு சபையினரைப் புதிய புதிய தத்துவங்கள் பேசி மயக்கச் சிலர் வந்தபோது, பவுல் அடிகள் அவர்களுக்கு ஒரு நிருபம் விடுத்தார். மயக்குவோரைப் பற்றி எச்சரிப்பதற்கு முன்னே அவர் சொன்னது, பெற்றுக்கொண்டதிலே வேர் கொண்டு நில்லுங்கள், நன்றியிலே பெருகுங்கள் என்னும் கருத்தேயாகும். எச்சரிக்கை அதற்குப் பின்னரே வருகின்றது. நன்றியை முதலில் கூறியதன் பொருளை நூல்களிலே தேடுவதைக் காட்டிலும், நம் நாட்டிலே வாழ்ந்து மறைந்த ஒருவருடைய வரலாற்றிலே தேடுவது எளிது. யோசேவாஸ் அடிகளாரே அவர்.

பெனாலிம் தந்த பிள்ளை

1651ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 21ஆம் நாள், கோவா நாட்டிலே பெனாலிம் என்னும் ஊரில், தாய்வழிப் பாட்டனார் வீட்டிலே அவர் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தோவாவோ வாஸ், சாங்கோவாலே என்னும் ஊரினர். தாயார் மரியா தெ மிராந்தா. கொங்கணி பேசும் கத்தோலிக்கக் குடும்பம் அது. போர்த்துக்கேயரின் ஆட்சி நடந்த கோவாவிலே சுதேசிகள் குருக்களாகலாம். ஆனால் ஐரோப்பியத் துறவற சபைகளின் கதவுகள் அவர்களுக்குத் திறக்கப்படவில்லை. 1676இல் யோசேவாஸ் குருப்பட்டம் பெற்றபோது அவர் நின்ற நிலை இதுதான்.

குருவான மறு ஆண்டு, 1677 ஆகஸ்டு 5ஆம் நாள், அவர் ஒரு பட்டயம் எழுதினார். தம்மை என்றென்றைக்கும் தேவ அன்னையின் அடிமையாக ஒப்புக்கொடுக்கும் முறி அது. வறியவர்கள் கடனுக்காகத் தங்களை அடிமை ஓலையில் எழுதிக் கொடுத்த காலம் அது. இவரோ எந்தக் கடனுமின்றி, எந்தக் கைம்மாறும் வேண்டாது தம்மை எழுதிக் கொடுத்தார். பெற்றதற்கு ஈடு செய்ய இயலாது என்று கண்டவன் தன்னையே தருகிறான். அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதும் அந்த ஓலையின் விரிவுரை என்றே கூறலாம்.

1681 முதல் 1684 வரை கன்னட நாட்டுக் கரையிலே பணியாற்றி மீண்டபின், கோவாவிலே சுதேசக் குருக்கள் சிலர் கூடி வாழத் தொடங்கியிருந்த இல்லத்திலே 1685இல் சேர்ந்தார். அச்சிறு கூட்டம் புனித பிலிப்பு நேரியாரின் ஒறற்றோரியன் முறையைத் தழுவியது. அவரே அதன் தலைவரானார். ஆனால் அவருடைய மனம் கடலுக்கப்பால் இருந்தது. இலங்கையிலே கத்தோலிக்க மக்கள் குருக்களின்றித் தவிக்கின்றனர் என்னும் செய்தி அவரை உறங்கவிடவில்லை.

ஒல்லாந்தர் 1638இல் மட்டக்களப்புக் கோட்டையையும், 1656இல் கொழும்பையும், 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் அளிப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இந்த மக்களுக்குக் குருவில்லை, பூசையில்லை, ஐயம் எழுந்தால் தெளிவிப்பார் எவருமில்லை.

கஞ்சி வார்த்த கை

1686இல் யோசேவாஸ் கோவாவைவிட்டுப் புறப்பட்டார். உடன் வந்தவன் யோவான் என்னும் இளைஞன் ஒருவனே. தூத்துக்குடியிலே தமிழ் பயின்று, குருவுக்குரிய உடையைக் களைந்து, கூலியாளைப் போலக் கந்தை உடுத்து, 1687இல் கப்பலேறி யாழ்ப்பாணக் கரையை அடைந்தார். வெள்ளைக்காரக் குரு எவரும் அக்காலத்தில் இங்கே தலைகாட்ட முடியாது. கோவாவிலே அவருக்குத் தாழ்வாக எண்ணப்பட்ட கரிய மேனியே இலங்கையிலே அவருக்குக் கவசமாயிற்று.

வந்த நாட்களிலேயே இருவரையும் கடும் வயிற்றுளைவு பற்றிக்கொண்டது. நோய் பரவுமென்று அஞ்சிய ஊரார் அவர்களை ஊரெல்லைக்கு அப்பால் ஒதுக்கினர். மருந்தில்லை; உணவில்லை; தெரிந்தவர் எவருமில்லை. அந்த வேளையில் ஏழைப் பெண்ணொருத்தி நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். அவள் பெயரை வரலாறு எழுதி வைக்கவில்லை. அவருடைய கல்வியோ, குருத்துவமோ அவளுக்குத் தெரியாது. அவள் கண்டது பசித்த இரு மனிதரை மாத்திரமே. இலங்கைக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறுவாழ்வு ஒரு சிரட்டைக் கஞ்சியிலே தொடங்கியது என்றால் அது மிகையாகாது.

உடல் தேறியதும் அவர் பிச்சைப் பாத்திரத்தோடு வீடு வீடாகச் சென்றார். கழுத்திலே செபமாலை தொங்கியது. அதைக் கண்டு முகம் திருப்பியவர்களைக் கடந்து போனார். அதைக் கண்டு கண் கலங்கியவர்களை அடையாளம் வைத்துக்கொண்டார். அஞ்சி ஒளித்து வைத்திருந்த நம்பிக்கை, அந்த மணிகளைக் கண்டதும் பல வீடுகளிலே வெளிப்பட்டது. பின்னர் சில்லாலை என்னும் ஊரார் அவரைத் தங்களிடம் வைத்துக் காத்தனர். இரவிலே பூசை, விடியுமுன் வேறிடம், பகலிலே பிச்சைக்காரன் வேடம். இவ்வாறு இரண்டாண்டுகள் கழிந்தன.

முப்பது ஆண்டுகள் இந்தக் குடும்பங்களை நிலைநிறுத்தியது எது? அவர்கள் வேத சாத்திரம் கற்றவர்களல்லர். கமக்காரரும் கடற்றொழிலாளரும் கூலியாட்களுமாவர். வாதத்துக்கு வந்தால் எந்தப் பாதிரியாரும் அவர்களை எளிதிலே மடக்கியிருப்பார். பாட்டி மடியிலே கற்ற செபங்களும், தாங்கள் அன்பாக ஏற்றுக்கொண்ட ஒன்றை மறப்பது நன்றிகேடு என்னும் உணர்வுமே அவர்களிடம் எஞ்சியிருந்த செல்வம்.

நூல் ஒன்று, ஆட்சி வேறு

இவ்விடத்திலே ஒல்லாந்தர் பக்கத்தையும் நடுநிலையாக நோக்குதல் வேண்டும். அவர்களுடைய சீர்திருத்தத் திருச்சபை கல்வியிற் குறைந்ததன்று. ஊர்தோறும் பாடசாலை வைத்தனர். யாழ்ப்பாணத்திலே பணியாற்றிய பால்டேயஸ் பாதிரியார் தமிழ் கற்று, இந்நாட்டைப் பற்றிப் பெரிய நூலொன்று எழுதினார். அது 1672இல் ஆம்ஸ்டர்டாமிலே வெளியாயிற்று. அவர்களுடைய கண்களுக்குக் கத்தோலிக்கரின் வழிபாடே திரிந்த போதனை. கத்தோலிக்கரின் கண்களுக்கோ ஒல்லாந்தரின் போதனையே திரிந்தது. இரு திறத்தாரும் உண்மையைக் காப்பதாகவே நம்பினர்.

ஒல்லாந்தத் திருச்சபையின் அடிப்படை அறிக்கைகளுள் ஒன்று, 1563இல் ஜெர்மனி நாட்டிலே வெளியான ஹைடெல்பேர்க் வினாவிடை. 129 வினாக்களைக் கொண்ட அந்நூல் மூன்று பகுதிகளாக அமைந்தது. மனிதனுடைய துன்ப நிலை முதற்பகுதி. மீட்பு இரண்டாம் பகுதி. நன்றி மூன்றாம் பகுதி. பத்துக் கட்டளைகளும் கர்த்தர் கற்பித்த செபமும் நன்றி என்னும் தலைப்பின் கீழேயே விளக்கப்பட்டுள்ளன. கட்டளைகளைக் கைக்கொள்வது கூலி பெறுவதற்காகவன்று, பெற்ற அருளுக்கு நன்றியாகவே என்பது அந்நூலின் உட்கிடை. கொலோசை நகருக்கு விடுத்த நிருபத்தின் கருத்தை இதைவிடத் தெளிவாக விளக்கிய நூல்கள் சிலவே.

ஆனால் இலங்கையிலே அந்தத் திருச்சபை மக்களிடம் வந்த வழி வேறு. ஞானஸ்நானம் பெற்றவனுக்கே முதலியார், விதானையார் போன்ற உத்தியோகங்கள் கிட்டின. விவாகமும் பிறப்பும் பாடசாலைத் தோம்பிலே பதியப்பட்டால்தான் சொத்துரிமைக்கு உறுதி உண்டு. பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோருக்குத் தண்டம். நூல் நன்றியைக் கற்பித்தது; ஆட்சியோ தண்டத்தையும் பதவியையும் காட்டியது. மக்கள் நூலைக் கற்கவில்லை, ஆட்சியையே கற்றனர். வினாவுக்கு விடையை ஒப்புவித்து, தோம்பிலே பெயரைப் பதிந்து, வீடு சென்று தாங்கள் முன்பு வணங்கியதையே வணங்கினர்.

இதற்கு ஒல்லாந்தரை மாத்திரம் குறை கூறுதல் நியாயமாகாது. அவர்களுக்கு முன் வந்த போர்த்துக்கேயரும் பதவியையும் பட்டத்தையும் காட்டிப் பலரைச் சேர்த்தவர்களே. அவ்வாறு சேர்ந்தவர்கள் கொடி மாறியதும் சமயம் மாறினர். ஆதாயத்துக்காக வந்தவன் அதைவிடப் பெரிய ஆதாயம் வரும்போது போய்விடுவான் என்பது இரு ஆட்சிகளும் மெய்ப்பித்த உண்மை. வேலியில்லாத வயல் அது.

நத்தார் இரவு

1689ஆம் ஆண்டு நத்தார் இரவு. யாழ்ப்பாணத்திலே ஒரு வீட்டில் மக்கள் பூசைக்காகக் கூடியிருந்தனர். செய்தியறிந்த ஒல்லாந்த அதிகாரிகள் போர்வீரரை ஏவி வீடுகளைச் சூழ்ந்தனர். அடிகளார் அகப்படவில்லை, மக்கள் அகப்பட்டனர். அவர்களுள் முதல்வரான எண்மர் கடுமையாகத் தண்டிக்கப்பட்டனர். தொன் பேத்ரோ என்பவர் அடிபட்டே உயிர் துறந்தார். ஏனையோர் விலங்கிடப்பட்டுக் கடூழியத்துக்கு அனுப்பப்பட்டனர்.

பேத்ரோ முன்னர் ஒல்லாந்தரின் சபையிலே இருந்து, பின்னர் கத்தோலிக்கத்துக்கு மீண்டவர். ஆட்சியாளரின் நோக்கிலே அவருடைய குற்றம் இருமடங்கானது. தங்கள் நிழலில் இருந்துவிட்டுத் தங்களுக்கே மாறாக நடந்தவர் என்று அவர்கள் கருதியிருத்தல் இயல்பு. இங்கேதான் நாம் ஒரு வேறுபாட்டைக் கூர்ந்து காணவேண்டும். கொடுத்தவன் திரும்பக் கேட்கும் நன்றி ஒன்று. பெற்றவன் உள்ளத்திலே தானாகச் சுரக்கும் நன்றி மற்றொன்று. முன்னது கடன். கணக்கு எழுதிக் கொடுத்து, தவணை தவறினால் சவுக்கெடுப்பது. பின்னதே வள்ளுவர் செய்ந்நன்றி அறிதல் என்று தனி அதிகாரம் வகுத்துப் போற்றிய அறம். கடனை நன்றியென்று மயங்குகிறவன், யார் கூடுதலாகக் கொடுக்கிறாரோ அவர் சொல்வதையே உண்மையென்று நம்பத் தலைப்படுவான். போலிப் போதனை நுழையும் வாயில் அதுவே.

தாம் தப்பித் தம் மக்கள் அடிபட்டது அடிகளாரை வாழ்நாள் முழுவதும் வருத்தியிருக்கும். அவர் ஓடி ஒளிந்து கோவாவுக்குத் திரும்பவில்லை. 1690இல் புத்தளத்துக்குச் சென்றார். அது கண்டி மன்னனின் ஆணைக்குட்பட்ட நிலம். அங்கிருந்து மலைநாட்டை நோக்கினார்.

சிறைக் கொட்டிலும் மழையும்

மட்டக்களப்பிலும் அக்காலத்தே நிலைமை இத்தகையதே. கோட்டையும் கரையும் ஒல்லாந்தர் வசம். உள்நாடு கண்டியின் பக்கம். இன்று நாம் கரடியனாற்றிலே நின்று மேற்கே காணும் மலைத்தொடருக்கு அப்பால் ஒல்லாந்தரின் தண்டம் செல்லாது. கரையிலே துன்புற்றவர்களுக்கு அந்த மலைகள் அடைக்கலமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் 1692இல் கண்டியை அடைந்த அடிகளாரை வரவேற்றது சிறைக்கூடம். அரசவையிலே செல்வாக்கோடிருந்த லானரோல் என்னும் பிரெஞ்சுக்காரர் கல்வின் கொள்கையினர். வந்திருப்பவன் போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று அவர் மன்னனிடம் கூறினார். அடிகளார் தம்மைக் காட்டிக்கொடுத்தவரைத் தூற்றவில்லை. சிறைவாசத்திலேயே சிங்களம் கற்றார். சிறு கொட்டிலொன்றை அமைத்து அதையே கோவிலாக்கினார். கண்டியிலே தலைமுறைகளாகக் குருவைக் காணாதிருந்த கத்தோலிக்கர் மெல்ல மெல்ல அந்தக் கொட்டிலை நாடி வந்தனர்.

அப்போது நாட்டிலே கொடிய வறட்சி உண்டாயிற்று. வேண்டுதல்கள் பல நடந்தும் மழை பெய்யவில்லை. மன்னனின் விருப்பப்படி அடிகளார் வெளியிலே பீடம் அமைத்துச் சிலுவையை நிறுத்தி முழந்தாளிட்டுச் செபித்தார். மழை பொழிந்தது என்பது வழிவழி வரும் செய்தி. அதனை எவ்வாறு கொள்வது என்பது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. அதன்பின் அவருக்கு நாட்டிலே நடமாடும் உரிமை கிடைத்தது என்பது வரலாறு. 1696இல் கோவாவிலிருந்து துணைக்குருக்கள் வந்தனர். அவர்களுடைய பணி மெல்ல மெல்ல மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் பரவியது.

வைசூரிக் காலம்

1697இல் கண்டியிலே வைசூரி பரவியது. மன்னனும் அரசவையாரும் நகரைவிட்டு அகன்றனர். செல்வர் சென்றனர், வைத்தியர் சென்றனர். நோயாளரைக் காட்டோரத்திலே விட்டு உறவினரும் விலகினர். பிள்ளையைத் தாயும், தாயைப் பிள்ளையும் கைவிட்ட கொடுமையான காலம் அது. யோசேவாஸ் அடிகளாரும் கர்வாலோ என்னும் துணைக்குருவும் நகரிலேயே தங்கினர். நோயாளருக்குக் கொட்டில்கள் அமைத்தனர், புண்களைக் கழுவினர், உணவு சமைத்து ஊட்டினர், இறந்தோரைத் தங்கள் கைகளாலேயே அடக்கம் செய்தனர். புத்தர் வழி நின்றவரென்றோ கிறிஸ்துவின் வழி நின்றவரென்றோ பார்க்கவில்லை.

பத்தாண்டுகளுக்கு முன்னர் யாழ்ப்பாணத்து ஊரெல்லையிலே, நோய்க்கு அஞ்சி ஊரார் ஒதுக்கிய ஒரு மனிதன் கஞ்சிக்காகக் காத்துக் கிடந்தான். இப்போது கண்டியிலே அவனே கஞ்சிப் பாத்திரத்தோடு ஒதுக்கப்பட்டவர்களின் கொட்டில்களுக்குள்ளே புகுந்தான். அந்தப் பெண்ணுக்கு அவர் நன்றியைத் திருப்பிச் செலுத்தவில்லை, செலுத்தவும் இயலாது. அதை முன்னே செலுத்தினார். நன்றியின் இயல்பே அதுதான். கடன் பின்னோக்கிப் போகும். நன்றி முன்னோக்கிப் பாயும்.

மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் உறுதியான பௌத்தன். அருகிப்போயிருந்த உபசம்பதையை மீட்பதற்காக அரக்கான் நாட்டிலிருந்து பிக்குகளை வருவித்தவன். அவன் கிறிஸ்தவனாகவில்லை, அடிகளாரும் தம் சேவைக்கு விலையாக அதனைக் கேட்கவில்லை. ஆயினும் அவன் மனம் நன்றியால் நிறைந்தது. அவன் ஆட்சியிலும், 1707இல் அரசெய்திய வீரநரேந்திரசிங்கனின் ஆட்சியிலும் கத்தோலிக்கக் குருக்களுக்குக் கண்டி நிழல் தந்தது. கிறிஸ்தவ அரசொன்று கிறிஸ்தவக் குருவை வேட்டையாடிய காலத்தில், பௌத்த மன்னர் இருவர் அவரைக் காத்தனர். சமயப் பெயரைக் காட்டிலும் நன்றியறிவு வலியது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

வாதமும் புலம்பலும்

நன்றி ஒன்றே போதும், அறிவு வேண்டாம் என்று இதனாலே முடிவு செய்துவிடக்கூடாது. அடிகளார் அவ்வாறு எண்ணவில்லை. 1705இல் இலங்கைக்கு வந்த ஜாக்கோமே கொன்சால்வேஸ் என்னும் இளங்குருவை அவர் நூல் எழுதும் பணியிலே ஈடுபடுத்தினார். கோவாவின் திவார்த் தீவிலே 1676இல் பிறந்த கொன்சால்வேஸ், 1742இல் மறையும் வரை சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் பல இயற்றினார். ஒல்லாந்தரின் கொள்கைகளை மறுக்கும் வாத நூல்களும் அவற்றுள் உண்டு. அக்காலத்துக்கு அவை தேவையாயிருந்தன.

ஆனால் காலம் எதனை வைத்தது, எதனை விட்டது என்று பாருங்கள். அந்த வாத நூல்களை இன்று ஆராய்ச்சியாளரே தேடிப் படிக்கின்றனர். அவர் இயற்றியதாகப் போற்றப்படும் வியாகுலப் பிரசங்கமோ தவசு காலந்தோறும் கோவில்களிலே இராகத்தோடு ஓதப்பட்டு வந்துள்ளது. தங்களுக்காக ஒருவர் பட்ட பாடுகளை நினைந்து கண்ணீர் விடும் அந்த ஓசையிலே வாதம் இல்லை, நன்றி உண்டு. எழுத்தறியாத கிழவியும் அதன் அடிகளை நெஞ்சிலே வைத்திருப்பாள். அவளிடம் சென்று புதுக்கொள்கை பேசுகிறவன் வாதத்தில் வெல்லலாம். அவளை அசைக்க முடியாது.

எஞ்சியது எது?

பாப்பரசரின் தூதர் அடிகளாரை ஆயராக்க எண்ணியபோது அவர் அதனை ஏற்கவில்லை. கால்நடையாக நாடெங்கும் திரிந்து மெலிந்த உடல், 1711 சனவரி 16ஆம் நாள் கண்டியிலே ஓய்ந்தது. அப்போது இலங்கையிலே கத்தோலிக்கர் எழுபதினாயிரம் பேர் இருந்தனர் என்றும், பதினைந்து கோவில்களும் நானூறு சிற்றாலயங்களும் இருந்தன என்றும் அவருடைய வரலாற்றை எழுதியோர் கணக்குத் தருவர்.

ஒல்லாந்தர் 1796இல் அகன்றனர். 1806இல் ஆங்கிலத் தேசாதிபதி மெயிற்லண்டு கத்தோலிக்கர்மீது இருந்த தடைகளை நீக்கினார். பதவிக்காகவும் பதிவுக்காகவும் தோம்பிலே பெயர் எழுதியிருந்த சுதேசிகள், தோம்பின் வலிமை நீங்கியதும் கூட்டங் கூட்டமாக விலகினர். அச்சபையின் வொல்வெண்டால் கோவில் கொழும்பிலே இன்றும் கம்பீரமாக நிற்கின்றது. ஊர்களிலே நிரம்பியிருந்த பட்டியல்களோ கரைந்தன. தண்டமும் தடையும் அனுபவித்த கத்தோலிக்கர் மறையவில்லை. போர்த்துக்கேயரின் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் தங்கள் கிரியோல் மொழியையும் முன்னோர் தந்த சமயத்தையும் ஒல்லாந்தர் காலம் முழுவதும் விடாது காத்து வந்ததும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இதனைக் கத்தோலிக்கரின் வெற்றி என்றோ மறுதரப்பாரின் தோல்வி என்றோ கொள்ளுதல் பொருந்தாது. 1814இல் மெதடிஸ்த சபையைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்புக்கு வந்தார். கப்பலிலேயே மனைவியைப் பறிகொடுத்தவர் அவர். பதவியும் தண்டமும் அவர் கையில் இல்லை. எட்டு மாதங்களே பணி செய்து, பாடசாலைகளைத் தொடங்கி, 1815 ஏப்பிரல் 1ஆம் நாள் இங்கேயே மறைந்தார். மட்டுநகர் மக்கள் அவரைச் சிலையெடுத்து நினைக்கின்றனர். ஒல்லாந்தரின் நூறாண்டு ஆட்சி ஊன்றாத வேரை, அவருடைய எட்டு மாத அன்பு ஊன்றியது. சபை எதுவாயினும் விதி ஒன்றே.

இக்காலத்திலும் போலிப் போதனைகளுக்குக் குறைவில்லை. அவற்றின் உருவம் மாறியிருக்கின்றது, உள்ளீடு மாறவில்லை. காணிக்கை கொடுத்தால் செல்வம் பெருகும், விசுவாசம் கூடினால் வியாபாரம் கூடும் என்று கடவுளோடு பண்டமாற்றுப் பேசும் குரல்கள் எங்கும் ஒலிக்கின்றன. துன்பத்தில் அகப்பட்டவன் செவிக்கு அவை இனிக்கும். யுத்தத்தையும் 2004இன் கடற்கோளையும் கண்ட இம்மண்ணிலே துன்பத்துக்கும் பஞ்சமில்லை. இந்தக் குரல்களை நூல் கொண்டு மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். ஆனால் அவற்றை உள்ளே நுழையவிடாத வேலி ஒன்றுண்டு. எனக்கு இனி என்ன கிடைக்கும் என்று கேட்பவனை அவர்கள் எளிதில் பிடிப்பார்கள். எனக்கு ஏற்கெனவே எவ்வளவு கிடைத்திருக்கின்றது என்று எண்ணுகிறவனிடம் விற்பதற்கு அவர்களிடம் சரக்கில்லை.

1995இல் கொழும்பிலே பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் யோசேவாஸ் அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 சனவரி 14ஆம் நாள், காலிமுகத் திடலிலே திரண்ட பெருங்கூட்டத்தின் முன் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். இலங்கைக்கு முதற் புனிதர் அவரே. எனினும் அவருக்குக் கல்லறை இல்லை. அவரை அடக்கம் செய்த கண்டிக் கோவில் பின்வந்த மன்னன் காலத்தில் அழிந்தது, இடமும் மறைந்தது.

கரடியனாற்றை அடுத்த ஆயித்தியமலையிலே சதா சகாய அன்னையின் திருத்தலம் இருக்கின்றது. திருவிழாக் காலத்தில் மட்டக்களப்பின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் கால்நடையாக அங்கே செல்கின்றனர். கிறிஸ்தவர் அல்லாதாரும் அவர்களோடு நடப்பதுண்டு. வேண்டுதலுக்காகச் செல்வோர் பலர். ஒன்றும் வேண்டாது, பெற்றதற்கு நன்றி சொல்லவே செல்வோரும் சிலர் உண்டு. வழியிலே யாரேனும் ஒரு தாய் களைத்தவனுக்கு நீர் வார்ப்பாள். அவன் பெயரைக் கேட்கமாட்டாள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னே யாழ்ப்பாணத்து ஊரெல்லையிலே கஞ்சி வார்த்தவளுக்கும் பெயரில்லை. அடிகளாருக்குக் கல்லறை வேண்டுமென்றால், அந்தக் கைகளிலேதான் தேடவேண்டும்.